எஞ்சின் இல்லாத படகும் என் பொங்கல் சீரும்

என் கூடப்பிறந்த ஏழுமலைக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு எழுதத்தான் கை போகிறது. கேட்டால் பதில் யார் போடுவது? அதனால் இங்கத்திய சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலி நீ பார்த்த அதே முட்டிவலிதான். உன் படகும் நன்றாக இருக்கிறது. ஆடிக் காற்றில் தார்ப்பாய் கிழிந்து கொஞ்சம் மழைத்தண்ணீர் உள்ளே போயிற்று. உன் சிநேகிதன் மாணிக்கம் அன்றைக்கே வந்து இறைத்துவிட்டான்.

படகுக்கு எஞ்சின் மாட்டியாயிற்று, தம்பி. எந்த எஞ்சின் என்று எடுத்தவுடனே சொன்னால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அதனால் முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். பொறுத்துக்கொள். உனக்கு அங்கே என்ன அவசரம்?

அடையாற்றில் நீ கார் ஓட்டிக்கொண்டிருந்த பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று ஆனபோது, நீ வேலை போகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்பக்கத்து ஷெட்டில் கவிழ்ந்து கிடந்த படகைப் பற்றித்தான் பேசினாய். வெள்ளைக்காரர் காலத்துத் தேக்கு, பதினாலு அடி, மூக்கில் பித்தளை வளையம். எஞ்சின் எப்போதோ காணாமல் போய், அது கடித்துப் பிடித்திருந்த இரண்டு தழும்பு மட்டும் பின்பலகையில் மிச்சம். "வேணும்னா எடுத்துக்கோ ஏழுமலை" என்று பங்களாக்காரர் சொன்ன அன்று, நீ மந்தைவெளிக்கு நடந்தே வந்தாய். பஸ்ஸில் ஏற மறந்துவிட்டாயாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ அந்தப் படகோடு குடித்தனம் நடத்தினாய். ஆற்றங்கரையில் மாணிக்கத்தின் மச்சான் கொட்டகையில் அதை வைத்துத் தேய்த்தாய், அடைத்தாய், வார்னிஷ் அடித்தாய். ராத்திரி சாப்பிட வந்தால் நான் வைத்த ரசத்தில்கூட வார்னிஷ் வாசனை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன் கடைசியில் இதற்குத்தான் தாலி கட்டுவான் போல என்று நான் கேலி பேசினேன். "இவ எதிர்த்துப் பேசமாட்டாக்கா" என்றாய்.

அம்மா, நைனா போன பிறகு ஒரு பொங்கலுக்கும் நீ எனக்குச் சீர் கொண்டுவராமல் இருந்ததில்லை. சைக்கிள் பாரில் கரும்பைக் கட்டி, ஹேண்டில்பாரில் மஞ்சள்கொத்து ஆட, ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கின புடவையோடு வாசலில் வந்து மணி அடிப்பாய். எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் அந்த மணிச் சத்தத்துக்கு நான் ஓடித்தான் வருவேன். தெருவில் நாலு பேர் பார்க்கட்டும், இவளுக்கும் பொறந்தவீடு இருக்கிறது என்று.

அந்தக் கடைசிப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அடுத்த வருசம் கரும்பு, மஞ்சக்கொத்து எதுவும் கிடையாதுக்கா. காணும் பொங்கலுக்கு ஊரே பஸ்ல நசுங்கிக்கினு பீச்சுக்குப் போவும். நீ மட்டும் படகுல குந்திகினு ஆத்தோட போயி, கடல் ஆரம்பிக்கற எடத்தப் பாக்கப் போற. அதான் உனக்கு சீரு."

"எஞ்சின் எங்கடா?" என்றேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. மீன்பிடி துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற மாணிக்கத்திடம் இரண்டு எஞ்சின் இருந்தன. ஒன்று எட்டுக் குதிரை சக்தி. இன்னொன்று இருபத்தைந்து. எட்டு போதும் என்று அவன். இருபத்தைந்துக்குக் குறைந்து தொடமாட்டேன் என்று நீ.

"இது வயிறு உருண்ட படகு நைனா. எத்தினி குதிர கட்னாலும் பறக்காது. பின்னாடிதான் குந்தும். பலகை வேற பழசு, பிச்சிக்கினு பூடும்" என்பான் மாணிக்கம்.

"போறது பெரிசில்லடா, திரும்பி வரணும். கடல் தண்ணி உள்ள ஏறுனா உன் எட்டு இன்னா பண்ணும்? நின்ன எடத்துல அழும். படகுல எங்கக்கா கீது" என்பாய் நீ.

வெளியே நீ சொல்லாத இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். அடையாற்றுப் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கவேண்டும். அந்த ஆசையைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சீர் என்றால் நாலு பேர் பார்க்கத்தானே.

எஞ்சினைத் தூக்கி மாட்டிப் பார்த்துக் கழற்றுவது எளிதா? அதனால் அதன் கனத்துக்கு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்று உனக்குத்தான் தோன்றிற்று. எட்டு, ஒரு சிப்பம் அரிசி கனம், இருபத்தாறு கிலோ. அதற்கு அரிசியே போதும். இருபத்தைந்து, ஏறக்குறைய இரண்டு சிப்பம். அதற்கு என்னை மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், விளக்கு சுற்றுகிற எடை மெஷினில் ஏற்றினாய். ஐம்பத்திரண்டு கிலோ என்று அட்டை விழுந்தது. பின்னால் சோசியம் வேறு: நீங்கள் பிறர் சொல் கேட்டு நடப்பவர். அதைப் பார்த்து நீ பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தாய்.

"சரியா இருபத்தஞ்சு குதிரைக்கா நீ!"

மறுநாள் படகைத் தண்ணீரில் இறக்கி, பின்பலகையை ஒட்டி என்னை உட்காரவைத்தாய். ஆறு என்ன வாசனை வரும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். மூக்கில் முந்தானையோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஆடாம குந்துக்கா. எஞ்சின் எங்கனா ஆடுமா?"

"எஞ்சின் கத்தும்டா. நான் கத்தட்டுமா?"

கரையில் மாணிக்கம், "யக்கா, எஞ்சினுக்கு மூக்குத்தி போட்டு இப்பதான் பாக்கறேன்" என்றான். நீ படகின் முன்பலகையில் ஏறி நின்று, குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தாய். படகு தட்டு வைத்தாற்போல் நேராக நின்றது. "பாத்தியாடா! ஒரு விரக்கடைகூட தாழல. இருபத்தஞ்சு தாங்கும்!" என்று நீ போட்ட சத்தத்தில் எதிர்த்திட்டில் இருந்த கொக்குகள் எழும்பின. மாணிக்கம் தலையைச் சொறிந்துகொண்டு பெரியதற்கே ஒப்புக்கொண்டான்.

அந்த இருபத்தைந்தை மாட்டுவதற்குள் உனக்கு மார்வலி வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு வாசலில் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் இல்லை. படகு கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இந்த மார்கழியில் மாணிக்கம் வந்தான். "யக்கா, ரெண்டு எஞ்சினையும் கேக்கறாங்க. ஒண்ண உனக்குன்னு நிறுத்தி வைக்கறேன். எதுன்னு சொல்லு. அவன் ஆசப்பட்டது பெரிசு. நான் இப்பவும் சிறுசுதான் சொல்லுவேன். ஆனா அவன் போனப்பறம் அவன ஜெயிக்க எனக்கு மனசு வரல" என்றான்.

அவனிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். பெரியதைக் கட்டினால் உன் சொல் நிற்கும், படகு நிற்குமா? சின்னதைக் கட்டினால் படகு பிழைக்கும், ஆனால் இது நீ கொடுப்பதாகச் சொன்ன சீர்தானா? நீ பண்ணின படகு, நீ சொன்ன சொல். இரண்டில் எதை நான் விடுவது?

அப்போதுதான் நம் உமா உள்ளே வந்தாள். என் பேத்தி இப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம், தெரியுமா? அஞ்சாவதோடு நின்ற என் வீட்டிலிருந்து போய் அவள் ஒரு கம்பெனி எஞ்சினையே பிரித்துப் பரப்பிவைத்துப் பரீட்சை எழுதுகிறாள். தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் இதைச் சொல்லிவிடுவேன். அவள் சொன்னாள், "மறுபடியும் டெஸ்ட் பண்ணிடலாம் ஆயா. நீயே போயி குந்து."

போனோம். படகை இறக்கினார்கள். நான் என் பழைய இடத்தில், பின்பலகையை ஒட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே படகின் மூக்கு மேலே எழும்பிற்று. பின்பக்கம் அமுங்கி, எஞ்சின் மாட்டுகிற வெட்டு வழியாகத் தண்ணீர் என் புடவையில் ஏறியது. மாணிக்கம் பாய்ந்து வந்து பிடித்தான்.

"அன்னிக்கு நேரா நின்னுச்சே! நான் கண்ணால பாத்தேனே!" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, படகு உன்னைப் பொய்யன் ஆக்குகிறதே என்று.

உமா கேட்டாள்: "அன்னிக்கு சின்னத் தாத்தா எங்க இருந்தாரு?"

நானும் மாணிக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"முன்னாடி" என்றான் மாணிக்கம். "முன்பலகையில நின்னுக்கினு தண்ணிக் கோட்டப் பாத்துக்கினு இருந்தான்."

ஏழுமலை! அந்த எஞ்சினைப் பிடித்து ஓட்டப் போகிறவனே நீதானே? நீ பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முன்னால் யார் நிற்பது? அதை நீயும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மாணிக்கம் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இத்தினி வருசமா என்ன வாயடைச்சியேடா பாவி" என்று சிரித்துக்கொண்டே இருந்தவன், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். நான் நனைந்த புடவையோடு படகிலேயே இருந்தேன். நீ அந்தப் பக்கம் நின்றதால்தான் இது நேராக நின்றிருக்கிறது. படகை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அரிசிச் சிப்பத்தைப் பின்னால் வைத்து, மாணிக்கம் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார, நான் முன்பலகைக்குப் போனேன். படகு நேராக நின்றது. உன் பயத்துக்கும் உமா வழி சொன்னாள். "தண்ணி வத்தும்போது போயி, ஏறும்போது திரும்பினா, கடலே நம்மளத் தள்ளிக்கினு வந்துடும். எட்டு போதும் ஆயா." சின்ன வயசில் நாம் பட்டினப்பாக்கத்து மணலில் விளையாடும்போது அலை எப்போது வரும், எப்போது போகும் என்று எனக்குச் சொன்னவன் நீ. இது மட்டும் எப்படி உனக்குத் தோன்றவில்லை? அக்காவைக் கூட்டிப்போகிற அவசரமா?

எட்டுதான் தம்பி. எட்டைத்தான் மாட்டினோம். பழைய எஞ்சின் கடித்த அதே இரண்டு தழும்பில், புதிதாகத் துளை போடாமல், அது போய் உட்கார்ந்துகொண்டது.

நேற்றுக் காணும் பொங்கல். படகின் மூக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பித்தளை வளையத்தில் மஞ்சள்கொத்துக் கட்டினேன். நீ கிடையாது என்று சொன்னதையும் நானே கட்டிவிட்டேன். நான் உன் முன்பலகையில் உட்கார, மாணிக்கம் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார, எஞ்சின் கயிற்றை உமா இழுத்தாள். ஒரு தரம் இருமி, பிறகு தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கிற்று. உன் இருபத்தைந்து மாதிரி சீறவில்லை. ஆகாயத்தாமரையை ஒதுக்கிக்கொண்டு, பெருமாள் புறப்பாடு போல மெதுவாகப் போனது.

பாலத்துக்கு அடியில் வந்தோம். மேலே பீச்சுக்குப் போகிற பஸ்கள் நெரிசலில் நின்றுகொண்டிருந்தன. உன் வேகத்தில் போயிருந்தால் ஒரு பஸ்ஸின் ஜனங்கள்தான் பார்த்திருப்பார்கள். இந்த மெதுவில் நாலு பஸ் பார்த்தது. ஜன்னலில் இருந்த ஒருத்தி, "எங்க போறீங்க பெரீம்மா?" என்று கத்தினாள். "எந்தம்பி சீரு கொண்டாந்துக்கீறான், வாங்கப் போறேன்!" என்று நானும் கத்தினேன்.

முகத்துவாரத்து மணல்திட்டு வரைக்கும் போனோம். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரியும் என்று சொன்னாயே. தெரிந்தது. இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் பச்சை. தண்ணீர் ஏறத் தொடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது உமா சொன்னபடியே கடல் எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது.

சீர் வந்து சேர்ந்தது, தம்பி. ஒரு குறையும் இல்லை.

இனி எந்தக் காணும் பொங்கலுக்கும் இந்தப் படகு கொட்டகையில் கிடக்காது. உன் முன்பலகை காலியாகவும் போகாது. என் முட்டி மடங்குகிற வரைக்கும் நான் உட்காருகிறேன். அதற்கப்புறம் உமா.

நீ சீர் தந்த,
இருபத்தைந்து குதிரை கனமுள்ள உன் அக்கா,
தாயாரம்மா