தொட்டிக்குள் இரண்டு ஆத்தங்குடிக் கல்

காரைக்குடி

அன்புள்ள மகள் தீக்ஷாவுக்கு,

அப்பச்சி எழுதுவது. உன் ஆத்தாவின் முழங்காலையும் நீ அனுப்பிய மீன்தொட்டியையும் தவிர இங்கு எல்லாம் சுகம், மெல்பர்னில் நீயும் சுகமாக இருப்பாய். போனில் சொன்னால் உன் அண்ணன் பக்கத்தில் நின்று திருத்துவான், அதனால்தான் கடிதம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகியும் ஆத்தா கட்டிலை விட்டு இறங்கவில்லை, நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்றார் டாக்டர். கூடத்தில் தொட்டி இருந்தால் தீனி போடவாவது எழுந்து வருவாள் என்று நீ இரண்டடித் தொட்டியும் செடியும் விளக்கும் அனுப்பினாய். எப்படி வைப்பது என்றும் தெளிவாக எழுதியிருந்தாய். அடியில் செடிமண், மேலே மணல், குழாய்த் தண்ணீரின் குளோரின் போக மருந்து, செடி வேர்பிடித்துத் தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம், அதன் பிறகு ஆறே மீன். இதில் உன் அண்ணன் கார்த்திகேய சிவம் ஒழுங்காகச் செய்தது விளக்கின் சுவிட்சைப் போட்டது மட்டும். ஏழு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து நிபுணனாகிவிட்டான். கூடத்துத் தரை தொட்டிக்குள்ளும் தொடர்வதுபோல் இருக்க வேண்டுமாம், மணலுக்குப் பதில் பத்தங்குல ஆத்தங்குடிக் கல் இரண்டைப் புதிதாக வரவழைத்துப் பரப்பி, மிச்ச நாலங்குலத்தில் செடிகளை நெருக்கி நட்டான். வெள்ளிக்கிழமையை விட்டால் நல்ல நாள் இல்லை என்று மூன்றாம் நாளே இருபது மீனை விட்டு, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமமும் வைத்தான். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாளே என்றேன், "காலித் தொட்டிய எவன் பாப்பான் அப்பச்சி" என்றான்.

ஞாயிறு காலை பதினான்கு மீன் மிதந்தன. கட்டிலில் இருந்தே பார்த்த ஆத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், மாத்திரையும் வேண்டாம் என்றாள். அண்ணனோ கண்ணேறு என்று தீர்ப்புச் சொல்லி விளக்குக் கம்பியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினான். செத்த மீனைவிட அந்த எலுமிச்சைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. தண்ணீரின் காரம் பார்க்க நீ அனுப்பிய சோதனைச் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்தேன், நிறம் அட்டையில் உள்ள கடைசி நிறத்தையும் தாண்டியது, அது மீன் வாழும் தண்ணீர் இல்லை, சுண்ணாம்புத் தண்ணீர்.

அண்ணனைத் திட்டியது போதும். அந்தக் கல்லை ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தவன் நான். கல் வார்த்து விற்கும் இருளாண்டி என்ன வேலைக்கு என்று கேட்டார், சொன்னேன். "தண்ணிக்குள்ள போடுற கல்லு இல்லீகய்யா, சிமிண்டு, சுண்ணாம்பக் கக்கும், மீனு தாங்காது" என்றார். நீங்களே அதைத் தண்ணீரில்தானே ஊறப்போடுகிறீர்கள் என்று மடக்கினேன். "அந்தத் தண்ணியில மீனப் பாத்தீகளா" என்றார். சிரித்துவிட்டு வந்தேன், வீட்டில் வாயே திறக்கவில்லை. எவன் சொன்னதையும் இன்னொருவனிடம் கேட்காமல் முப்பத்தெட்டு வருடம் அச்சுக்கு அனுப்பாத நிருபர், தெரிந்தவர் தானாக வந்து சொன்னதைக் காதில் போடவில்லை. உன் அண்ணனுடையது அறியாமை, என்னுடையது திமிர்.

செவ்வாய்க்கிழமை இதை ஆத்தாவிடம் சொன்னேன். வாக்கரை இழுத்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலிலிருந்து தொட்டிவரை பதினேழு அடி, எண்ணினேன். எலுமிச்சையை அறுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஊருக் குத்தமெல்லாம் பேப்பர்ல எழுதுனீக, ரெண்டு ஆம்பளையும் சேந்து ஒரு புல்ல வளக்க முடியல, அங்குட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள். கல்லை எடுக்க வைத்தாள், மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்ற வைத்தாள். நீ சொன்ன ஆறு மீன்தான் இப்போது இருக்கிறது, பதினான்கைக் கொன்று உன் கணக்குக்கு வந்து சேர்ந்தோம். தினமும் ஐந்து தடவை தொட்டிக்கு நடந்து வருகிறாள், மீனுக்காக இல்லை, நாங்கள் மறுபடி அதற்குள் கையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள.

கற்பக விநாயகர் துணையிருப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. இனி தொட்டியைப் பற்றி எதுவானாலும் ஆத்தாவின் போனுக்கே அனுப்பு, எங்களுக்கு அனுப்பினால் மறுபடி நிபுணர்களாகிவிடுவோம்.

ஆசிகளுடன்,
அப்பச்சி
அழகுசுந்தரம்