ஜன்னலில் நின்றவளுக்குச் சொன்ன திருத்தங்கள்

காக்ஸ் டவுன், பெங்களூரு
சனிக்கிழமை

அன்பு மகள் லீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், மழை வந்தால் என் முழங்கால் வலியும் அவள் கோபமும் மட்டும் சேர்ந்து ஏறுகின்றன. நீ டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், இது அவள் காதில் விழக் கூடாது. எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். என் கையெழுத்துக்குத் திருத்தம் சொல்ல வேண்டாம், திருத்தம் கேட்டுக் கேட்டு நான் நொந்து போயிருக்கிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் ஹாலில் கூடும் குழுவில் சேர்ந்தேன் என்று சொன்னேன் இல்லையா. நடத்துவது கேத்தரின், ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர், உன் வயதுதான், கண்டிப்பில் மட்டும் மதர் சுப்பீரியர். ஒருவர் எடுத்த படத்தைத் திரையில் போடுவார்கள். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பிடித்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று என்று சொல்வார்கள், அடுத்த வாரம் அதே இடத்தை அந்தத் திருத்தங்களோடு மறுபடி எடுத்து வர வேண்டும். குறை சொல்வதில் நான் முதல் நாளே பாஸ். பேங்க் டிரேவர் அங்கிளின் நாய்ப் படத்தைப் பார்த்து, நாய் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறது, எடுத்தவர்தான் வாலை வெட்டிவிட்டார் என்றேன். குறையை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம், முப்பது வருஷமாக உன் அம்மாவிடம் வாங்கியும் பழகவில்லை.

நான் எடுத்தது நம் எதிர் வீட்டை. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு, ஜன்னலுக்கு மேலே மரச் சட்டம் கூர் கூராக இறங்கும் மங்கி டாப் கூரையில் சாயங்கால வெயில் விழும்போது அழகாக இருக்கும். திரையில் போட்டதும் கேத்தரின், 'அங்கிள், லைட்டு சூப்பரா வந்திருக்கு, ஆனா ஜன்னல்ல நிக்கிற ஆன்ட்டி கர்ட்டனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் வாய்க்குப் பூட்டு. என் முறை வந்து, அது காலி வீடு, அங்கே யாரும் இல்லை என்று சொன்னதும் ஹாலே சிரித்தது. ஈஸ்டர் விருந்தில் ஷ்ரேயாஸுக்கு உப்பைச் சர்க்கரை என்று நீட்டினவன் பேச்சை யார் நம்புவார்கள். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், துணி மடிப்பு மாதிரி வெளுப்பாக ஒரு பெண். அந்த ஷ்ரேயாஸ், ஹெப்பகோடியில் வேலை பார்க்கும் எங்கள் குழுப் பையன், அவன்தான் கம்ப்யூட்டரில் ஒட்டியிருப்பான், பழிக்குப் பழி என்று நினைத்தேன். கேட்டால் 'அப்பனாணே நான் ஒண்ணும் பண்ணல அங்கிள்' என்று அப்பன் மேல் கன்னடத்தில் சத்தியம் செய்கிறான்.

அடுத்த வாரமும் எடுத்தேன். எடுக்கும்போது ஜன்னல் வெறும் ஜன்னல்தான், லீனா, கேமராவின் குட்டித் திரையிலும் ஒன்றுமில்லை. ஹாலில் பெரிதாகப் போட்டதும் அவள் கர்ட்டனுக்கு முன்னால் வந்து நிற்கிறாள், கேத்தரின் சொன்னபடி. டிரேவர், 'கை ரெண்டும் எங்க மேன், கையில்லாட்டா பொம்மை மாதிரி இருக்கு' என்றார். ஷ்ரேயாஸ், 'வேற எங்கயோ பாக்கறாங்க, லென்ஸைப் பாக்கட்டும்' என்றான். அதற்கடுத்த வாரம் அவள் ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், அங்கிள் சொன்னதைக் கேட்டுத் தேறிவிட்டார் என்று. சொன்னதைக் கேட்டது நான் இல்லை, கண்ணு. அவள்.

சாவி வைத்திருக்கும் மஞ்சுநாத்தைக் கெஞ்சி வீட்டைத் திறக்கச் சொன்னேன். பூட்டு திறக்கவே எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே தூசியில் எங்கள் காலடியைத் தவிர ஒரு தடம் இல்லை. ஜன்னலில் கர்ட்டன் மாட்டும் கம்பிகூட இல்லை. 'கர்ட்டனெல்லாம் அவங்க போறப்பவே கழட்டிட்டாங்க சார், ஏன் கேக்கறீங்க' என்றார் மஞ்சுநாத். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் குறும்பு உனக்குத் தெரியுமே, படம் பிடிக்கப் போனவனையே படம் பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை. போன மாதக் கடைசியில் கேத்தரின், 'ஒரே ஆள் நிக்கறதுல படம் அனாதையா இருக்கு, பக்கத்துல சின்ன வயசா இன்னொருத்தர் நின்னா பேலன்ஸ் ஆகும்' என்றாள். அப்போதும் நான் எடுத்தேன்.

போன ஞாயிறு அவள் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றாள். முகம் கலங்கல். முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள், தலையை இடது பக்கம் சாய்த்திருந்தாள், எந்தப் போட்டோவுக்கும் நீ சாய்ப்பாயே, அப்படி. நீ முடி வெட்டிக்கொண்டதை அதற்கு முன்னால்தான் போனில் சொன்னாய், எங்களுக்கு இன்னும் படம்கூட அனுப்பவில்லை. அந்தப் பேச்சில்தான், தூங்கி எழுந்தால் கையில் துரு வாசனை அடிக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை என்றாய். அம்மா ஆஸ்பத்திரிக் கிளவுஸைக் குற்றம் சொன்னாள். அந்தப் படத்தில் கலங்கலாக நின்றவளின் கையும் அந்தத் துருப்பிடித்த ஜன்னல் கம்பியில்தான் இருந்தது.

டிரேவர் தொண்டையைச் செருமி, 'ரெண்டாவது ஆளு ஷார்ப்பா இல்ல ரெமி, அடுத்த வாரம்' என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். கேத்தரின், 'அங்கிள், எடுத்தவங்க பேசக் கூடாது' என்றாள். இது உனக்கு இல்லம்மா என்று சொல்லிவிட்டுத் திரையில் நின்ற முதல் பெண்ணைப் பார்த்தே பேசினேன், விதிப்படி பிடித்தது முதலில். உன் நிற்பு நன்றாக இருக்கிறது, கண்ணில் வெளிச்சம் விழுகிறது. மாற்ற வேண்டியது அந்தப் பெண். அவள் இந்தப் படத்துக்கு உரியவள் இல்லை, அவளை எடுத்துவிடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எதிர் வீட்டிலேயே ஒரு கிழவன் இருக்கிறான், அதே தெரு, அதே வெயில். யாரும் சிரிக்கவில்லை. ஷ்ரேயாஸ் ப்ரொஜெக்டரை அணைத்தான்.

நேற்றுச் சாயங்காலம் மறுபடி எடுத்தேன். ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியாமல் இன்று காலை ஹால் சாவியை வாங்கி, தனியாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். நீ இல்லை. அவள் மட்டும்தான். ஆனால் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு நிற்கிறாள்.

எனக்கு அது போதும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கு எழுந்ததும் கையை முகர்ந்து பார்த்து, வாசனை போயிருந்தால் போச்சு என்று மட்டும் எனக்கு எழுது. போகாவிட்டாலும் மறைக்காதே, நான் இன்னும் பேச வேண்டியிருக்கும். நான் சொல்லும் வரை உன் படம் எதையும் அனுப்பாதே. அம்மாவிடம் வாய் திறக்காதே. பாதாம் பார்சலில் போட்டிருக்கிறாள், ஊற வைத்துச் சாப்பிடு. ராத்திரி படுக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள். இயேசு உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

நாளைக்குக் குழுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன். காலி இடத்தை நிரப்பச் சொல்லிக் கேத்தரின் திருத்தம் சொன்னால் சொல்லட்டும். அந்த வெயிலுக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்று ஷ்ரேயாஸ் சொல்லியிருக்கிறான், நீலச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வைத்திருக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
ரெமிஜியஸ்