காற்று பிரிந்த சேதி

பூந்தமல்லி
12-8-1936

அம்மாவின் பாதங்களுக்கு நமஸ்காரம். தென்காசியில் சாரல் இன்னும் விடவில்லையாமே, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சௌக்கியம்.

போன வாரம் ஐயப்பன்தாங்கல் குடியானவர் வேம்புலிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. வயிற்றைத் திறந்து சரிசெய்தேன். அதன்பின் காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை கஞ்சி கிடையாது. தினமும் இரண்டு வேளையும் கட்டிலருகே போய், "பிரிந்ததா?" என்று கேட்பேன். அவர் கைகூப்பி, "இல்லீங்க" என்பார். நான்காம் நாளும் அதே பதில். மறுபடி திறக்க வேண்டியதுதான் என்று அவர் மனைவி பொன்னியம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

"முந்தாநேத்தே போச்சு சாமி! பெரிய டாக்டராண்ட அத்தப் போய் எப்டி சொல்றதுன்னு கம்முனு கீறாரு இந்த மனுசன்!"

மரியாதைக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறார்! இன்று இரண்டு தம்ளர் கஞ்சி குடித்தார். வார்டே சிரிக்கிறது, எனக்கும் வெகு சந்தோஷம்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். சமையற்காரர் ஊருக்குப் போய் ஒரு மாதமாகிறது. தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

உங்கள் மகன்,
சிதம்பரநாதன்