மொட்டையும் முள்ளனும்

மூன்றாம் தேதி, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வாரம் எனக்கு வேறு நினைப்பில்லை. போன் இருக்கும்போது இவள் ஏன் தாளை வீணாக்குகிறாள் என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டுக்கொண்டு கவாத்து செய்கிற ஆள். நான் பேசினால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் உள்ளே வை. சமையல் மேடையில் போட்டுவிடாதே.

நீ அனுப்பிய ஆப்பிள் பெட்டி வியாழக்கிழமை வந்தது. பழம் அருமை. ஏழு வருடம் கழித்து முதல் முழு விளைச்சல், அதில் முதல் பெட்டி எனக்கு என்று நீ எழுதியிருந்ததைப் படித்து உன் மாமா கண் கலங்கினார். கலங்கிக்கொண்டே நாலு பழம் தின்றார். "பூச்சி ரிப்போர்ட்ல நீ போட்ட கையெழுத்தால்தான் தோட்டம் பிழைச்சுது, லேபில எல்லாருக்கும் கொடு" என்றும் எழுதியிருந்தாய். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டியின் அடியில் ஒரு பழத்தில் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்க்கப் போனால் வரவில்லை. மெல்லிய நூலால் பழத்தோடு சேர்த்துத் தைத்தது போல இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பச்சைப் புழு. என் விரல் பட்டதும் பின்பக்கமாகவே விறுவிறுவென்று நடந்து நூலில் தொங்கியது. இலைச்சுருட்டிகள்தான் அப்படி நடக்கும்.

அதற்குள் உன் மாமா பத்துப் பழத்தைப் பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். கண்டக்டர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, டிப்போ குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து இலை இலையாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உன் மாமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்னத்தடி தொலைச்சே?" என்று கேட்டார். மோதிரம் என்று பொய் சொன்னேன். வீட்டில் மிச்சமிருந்த இலையை எல்லாம் கொதிநீரில் போட்டேன். அந்தப் புழுவை மட்டும் ஒரு பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இலையைச் சுருட்டுகிற புழு எத்தனையோ உண்டு. இது வேறு ஏதாவதாக இருக்கலாம். இருந்தாலும் நீ நாளைக்கே தோட்டத்தில் இறங்கி, நடு வரிசைகளில் சுருண்ட இலைகளைப் பிரித்துப் பார். எத்தனை மரத்தில் இருக்கிறது, பழத்தின் தோலைச் சுரண்டியிருக்கிறதா என்று எழுது. இனிமேல் யாருக்கும் பழம் அனுப்பாதே. ஒரு இலை கூட வெளியே போகக் கூடாது. காரணம் கேட்காதே, அக்கா சொன்னால் கேள்.

சொல்லாமல் விட மனமில்லாத இன்னொரு சேதி. உன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் முள்ளன் பூச்சி இருக்கிறது என்று போன மாதம் ஒரு தோட்டத்தை வெட்டி எரித்தார்களே, அந்தத் தோட்டக்காரர் செவ்வாய்க்கிழமை லேபுக்கு வந்திருந்தார். சண்டை போட வரவில்லை. "அந்தப் பூச்சியைக் கொஞ்சம் பாக்கணும்மா" என்றார். மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இத்துனூண்டா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம்.

உடனே பதில் வேண்டி,
உன் அக்கா

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. "ஒண்ணும் இல்லக்கா, அங்கங்க நாலு இலை சுருண்டிருக்கு, எல்லாத் தோட்டத்துலயும் இருக்கிறதுதான். நீ கையெழுத்து போட்ட அப்புறம் எனக்கென்ன பயம்?" என்று எழுதியிருக்கிறாய். நாலு இலை என்றால் நீ நாற்பதைப் பார்த்திருப்பாய். சின்ன வயதில் இருந்தே உன் கணக்கு எனக்குத் தெரியும். பழத்தோலைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை.

இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உன் வலையில் விழுகிற பூச்சிகளை எங்களுக்கு அனுப்புகிறாயே, அவை எல்லாம் ஒரே பேரினம். அதற்குள் ஐந்து இனம். ஐந்துக்கும் இறக்கை ஒரே மாதிரி, காய்ந்த இலை நிறம், அதில் ஒரு சாய்ந்த பட்டை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நம் பக்கம் இருப்பவை இரண்டு. வேலியோரப் புதரைத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்கு இருப்பதை லேபில் மொட்டை என்போம். தோட்டத்தையே தின்பது முள்ளன். ஆண் பூச்சியின் வால் நுனிக்குள் ஒரு வரிசை முள் இருந்தால் முள்ளன், இல்லாவிட்டால் மொட்டை. வேறு வித்தியாசம் கிடையாது. அதைப் பார்க்க வயிற்றுப் பகுதியைக் கிள்ளி எடுத்து, கார நீரில் சூடாக்கி, சதை கரைந்த பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். பதினாறு வருடமாக என் வேலை அதுதான்.

உன் பூச்சி லேபுக்கு வந்த அன்று மொத்தம் இரண்டே பூச்சி வந்தது. பெட்டியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் ஒன்றைக் கட்டியிருந்த நீல நூலையும் அந்த இரட்டை முடிச்சையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீ ஒட்டுக் கட்டுகிற முடிச்சு. அப்போதே எழுந்து இது என் தம்பியுடையது, வேறு யாராவது பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. நான் சொல்லவில்லை. மற்றவர்கள் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

கார நீர் வைக்கிற கண்ணாடித் தட்டில் எட்டுக் குழி, நாலு நாலாக இரண்டு வரிசை. ஒன்றின் தூசு இன்னொன்றில் விழக் கூடாது என்று உன்னுடையதை முதல் குழியிலும் மற்றதை எட்டாவது குழியிலும், எதிரெதிர் மூலையில் வைத்தேன். எது முதல் மூலை என்று தெரிய தட்டில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருப்பேன். சூடாக்க எடுத்துப் போனேன், ஆறியதும் திரும்ப மேசையில் வைத்தேன், பார்த்தேன். முதல் குழியில் முள் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. எட்டாவது குழியில் முள் இருந்தது. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

அந்த எட்டாவது குழிப் பூச்சிக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் வந்துபோன மறுநாள் தட்டைக் கழுவினேன். பொட்டு இல்லை. கழுவுகிற ஸ்பிரிட்டில் கரைந்து போயிருக்கிறது. எப்போது போனது, அன்றைக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. தட்டைத் திருப்பி வைத்திருந்தால் ஒன்று எட்டாகும், எட்டு ஒன்றாகும். பொட்டைப் பார்த்ததாக ஞாபகம் இருக்கிறதா என்று தினமும் என்னையே கேட்கிறேன். சில சமயம் இருக்கிறது. சில சமயம், நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேனோ என்று தோன்றுகிறது.

இறக்கையும் காலும் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. வெளி லேபுக்கு அனுப்பினால் அவர்கள் வேறு சோதனை செய்து சொல்லிவிடுவார்கள். படிவத்தை மூன்று முறை எடுத்தேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? உன் நானூற்றுப் பன்னிரண்டு மரமும் என் கண் முன்னால் நிற்கின்றன. ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு நீ ஒவ்வொரு குழியாகத் தோண்டியபோது உன் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

புழு நேற்று இலையைச் சுருட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிட்டது. மாவு எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஆணாக வந்தால் தெரிந்துவிடும். பெண்ணாக வந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

எனக்காக ஒன்று செய். நீயாகவே அதிகாரிகளுக்குப் போன் போட்டு, மறுபடி வந்து பாருங்கள் என்று சொல்லிவிடு. நீ கூப்பிட்டதாக இருந்தால் உனக்கு மரியாதை, எனக்கும் தைரியம் வரும். யோசித்து எழுது.

பயத்தோடு,
உன் அக்கா

இருபத்திரண்டாம் தேதி, வெள்ளி

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலே வரி. "அந்தப் பாட்டிலைத் தூக்கி அடுப்புல போடு. நீ பண்ண தப்புக்கு என் மரமா? யாருக்கும் தெரியாது. வெளிய சொன்னா எனக்கு அக்கா இல்லை." மடித்து வைத்திருக்கிறேன். நீ எழுதியதில் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நாற்பது வரி எழுதியிருப்பேன்.

பாட்டிலை அடுப்புக்கு எடுத்துப் போகவும் செய்தேன், உன்னிடம் மறைப்பானேன். செவ்வாய்க்கிழமை காலை டீ போடும்போது துணிக்கு அடியில் படபடவென்று சத்தம். ஆண். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உன் மாமா ஷூ போட்டுக்கொண்டே "என்ன அப்படி நிக்கறே, பால் பொங்குது" என்றார். பால் பொங்கி அணைந்தே போய்விட்டது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை, என்னை லேப் வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

தனிக் கிண்ணத்தில், ஒரே ஒரு பூச்சியாக, பார்த்தேன். முள் இருக்கிறது. பதினொன்று. இரண்டு முறை எண்ணினேன். பிறகு எங்கள் லேப் பெரியவரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "எத்தனை நாளா தெரியும்?" என்று கேட்டார். சந்தேகம் மூன்று வாரமாக என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய பெட்டியில் இருந்த காலையும் இறக்கையையும் வெளி லேபுக்கு அவசரமாக அனுப்பினார். நேற்று பதில் வந்தது. தட்டு திரும்பித்தான் இருந்திருக்கிறது. என் மேசையில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விசாரணை இருக்கும். அதைப் பற்றி எனக்குப் பயமில்லை.

நேற்றுப் பிற்பகல் அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கும் நானே போனேன். பெரியவர் வேண்டாம் என்றார், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அடி விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "அப்ப என் மரத்துல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே திரும்பி மனைவியிடம், "நம்ம மரத்துல ஒண்ணுமே இல்லையாம்" என்று சொன்னார். பிள்ளை பாஸாகிவிட்டான் என்று சொல்வது போலச் சொன்னார். அந்தம்மா கதவைச் சாத்திவிட்டாள். கதவுக்கு வெளியே தோட்டம் பரந்த கரிக்காடாகக் கிடந்தது. அதன் வழியாகத்தான் நடந்து பஸ்ஸுக்கு வந்தேன்.

தம்பி, திங்கட்கிழமை காலை ஆட்கள் வருவார்கள். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, உனக்கும் சேதி வந்திருக்கும். உன்னைச் சுற்றி முப்பது தோட்டம் இருக்கிறது, அடுத்த தலைமுறைப் பூச்சி பறப்பதற்குள் வெட்டியாக வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் மாமா ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வருகிறார், இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டுவருவார். அவரை வாசலில் நிறுத்திப் பேசாதே, உள்ளே விடு. வெட்ட வருகிறவர்களோடும் மல்லுக்கு நிற்காதே. பிள்ளைகளை அன்றைக்கு உன் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடு, ரம்பச் சத்தம் அவர்கள் காதில் விழ வேண்டாம்.

மூன்று நாளாகப் போன் போடுகிறேன், அணைத்து வைத்திருக்கிறாய். உன் மனைவியின் போனில் அவள்தான் எடுத்தாள். நீ சாப்பிடவில்லை என்றாள். காலையில் இருந்து பூச்சிமருந்து வைக்கிற அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய், கூப்பிட்டால் வருகிறேன் என்கிறாய், வருவதில்லை என்றாள். உன்னை விட்டு நகராதே என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அந்த அறைச் சாவியை அவளிடம் கொடுத்துவிடு. எதற்கு என்று நீ கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். உன் மாமா வந்ததும் அவர் கண் முன்னால் கொடு. என்னை அக்கா என்று இனிக் கூப்பிட வேண்டாம், என் வாசலை மிதிக்க வேண்டாம், பிள்ளைகளிடம் அத்தை செத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள். எல்லாவற்றுக்கும் சம்மதம். சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் அவர் போனில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்க எனக்கு இப்போது வாயில்லை. நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரு, தம்பி.

அக்கா