ஹாஸ்கெல் பிறந்ததற்கு ஒரே சாட்சி

அன்புள்ள ஒசெல்லா அக்காவுக்கு,

தம்பி மனைவி வெர்னீஸ் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் விரைவுத் தபால். டெட்ராய்ட்டில் பனி தொடங்கியிருக்கும். முழங்கால் வலி தேவலையா?

உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லை. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். கெளுத்தி மீன் வறுத்துக் கொடுத்தாலும் ஒரு வாய்தான், தட்டைத் தள்ளிவிடுகிறார். அப்படிப்பட்டவர் நேற்று செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சர்ச்சுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டார்.

புகைப்பட அட்டை இல்லாமல் ஓட்டு இல்லை என்று இந்த வருஷம் சட்டம் வந்துவிட்டது. கார் லைசென்ஸ், கண் மங்கியபோதே போனது. புது அட்டை இலவசம்தான், ஆனால் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கோடையில் மாநிலத் தலைநகரத்துக்கு எழுதிக் கேட்டோம். அப்படி ஒரு பிறப்பு பதிவாகவே இல்லை என்று பதில் வந்தது. எண்பத்தோரு வயது மனிதரிடம் சொல்கிற பேச்சா இது?

ஓட்டுச் சாவடியில் அட்டையைச் சரிபார்க்க இருந்தது நம்ம லுரீன். நாற்பது வருஷமாக சர்ச்சில் எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவள். அவளை நம்பித்தான் இவர் போனார். என்னைத் தெரியாதாம்மா உனக்கு என்று கேட்டார். "எனக்குத் தெரியும் மாமா, நல்லாத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சா போதும்னு சட்டத்துல இல்லையே" என்று சொல்லி அழுதாள். இவர் ஓட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். வருகிற செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் அட்டையைக் காட்டினால் எண்ணுவார்கள். இல்லையென்றால் குப்பைக்கு.

சாயந்திரம் நம்ம சர்ச் டீக்கன் தர்மன் வந்தார். "இருமல் மருந்துக்கே அட்டை கேக்கறான், ஓட்டுக்குக் கேட்டா தப்பா? கள்ள ஓட்டு நிக்கணுமில்ல" என்றார். ஹாஸ்கெல் விடுவாரா? "நானா இருக்கறதுக்கு எவன்யா போட்டி போடறான்? வந்தா இந்தக் கிட்னியையும் சேத்து எடுத்துக்கச் சொல்லு" என்றார். டீக்கன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு இதே ஊரில், கறுப்பர்கள் பெயர் ஓட்டர் பட்டியலில் ஏறக்கூடாதென்று, சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து அர்த்தம் சொல்லச் சொல்லி மூன்று முறை இவரைத் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறைதான் பெயர் ஏறியது, அந்த வாரமே பஞ்சு மில் வேலை போனது. அதற்குப் பிறகு ஒரு தேர்தலைக்கூட இவர் விட்டதில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஏழு பிள்ளைகள் பிறந்த தேதியையும் அத்தை குடும்ப பைபிளின் முதல் தாளில் எழுதி வைத்திருந்தார். அது இருந்தால் அட்டை கிடைத்துவிடுமாம். அந்த பைபிளை எடுத்தது நீங்கள் இல்லை அக்கா. நான். சவப்பெட்டியில் அத்தையின் கைகள் வெறுமையாய்க் கிடந்தது பொறுக்காமல், மூடுவதற்கு முன்னால் அதை உள்ளே வைத்துவிட்டேன். நீங்கள் டெட்ராய்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக இவர் கத்தியபோது பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் திறக்கவில்லை.

இன்று காலை இவரிடம் சொன்னேன். "அக்காவை அவ்ளோ பேசிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

வயதில் மூத்த உறவினர் ஒருவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே அட்டை தருவதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். மருத்துவச்சி மிஸ் டவ்வுக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்த ஒன்பது வயதுப் பெண் நீங்கள். உங்கள் தம்பியின் முதல் அழுகையைக் கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். நோட்டரி உங்கள் அட்டையையும் கேட்பார், மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று டீக்கன் போகும்போது சொன்னார். ஹாஸ்கெல் என் முகத்தைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன்.

கர்த்தர் உங்கள் கைக்குப் பலம் தரட்டும். என்னை மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி பிறந்தான், நான் பார்த்தேன் என்று செவ்வாய்க்கு முன்னால் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் முன் தலை குனிந்து,
வெர்னீஸ்