நான்காம் எலியின் வயிற்றில் சிவப்பு

19-7-98, ஞாயிறு

விடாத காற்று. மாலையில் சாரல். குழப்பம் வராமலிருக்க, இந்த வாரத்துக்கானதை எழுதிக்கொள்கிறேன்.

1. ஊசியில் ஏற்றும் சாயம் கட்டியில் தங்கும்.
2. நீல ஒளி பட்டால் தோலுக்கு மேலேயே சிவப்பாக ஒளிரும். உயிருள்ள எலியை அறுக்காமலே கட்டியைப் பார்க்கலாம்.
3. வேறு இடத்தில் சிவப்புத் தெரிந்தால் நோய் அங்கே பரவிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்துக்குள் விடுகிறார்கள். வீட்டில் இருந்தால் மனைவி சரோஜாவின் வெறும் கட்டில். மார்பில் வந்த புற்று வயிற்றுக்குப் போனதை, வயிறு வீங்கும்வரை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

20-7, திங்கள்

ஐந்து எலிகள், எல்லாவற்றுக்கும் தொடையில் கட்டி. ஐந்தாவதற்குச் சாயம் இல்லை, ஒப்பிட மட்டும். மயக்க மருந்து, மயிர் மழிப்பு, ஜன்னலில் கறுப்புத் துணி.

நான்காவதற்குத் தொடையில் மட்டும் சிவப்பு. தணல் போல. வயிறு இருட்டு. பரவவில்லை. சனிக்கிழமை கட்டியை அறுத்தெடுத்தால் பிழைக்கும்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பழனியம்மாள்: "ஏனுங்க சார், இது பொழச்சுக்குமுங்களா?"

"பார்க்கலாம்மா."

"எதுக்குத்தான் நீங்க ஆமான்னு சொல்லீருக்கீங்க?"

24-7, வெள்ளி

நேற்று ஆடி அமாவாசை. சரோஜா போய் முதல் வருடம். ஒன்றும் செய்யவில்லை, வீட்டிலேயே கிடந்தேன்.

இன்று நான்காவதன் வயிறு முழுக்கச் சிவப்பு. சாயம் கழிந்து வெளியேறும் வழியோ? அப்படியானால் திங்களன்றே தெரிந்திருக்குமே. விளக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே சிவப்பு.

மற்றவற்றைப் பார்க்கவில்லை. இதையாவது வலிக்க விடக் கூடாது. மயக்க மருந்தைக் கூட்டிக் கொடுத்து முடித்தேன். குளிர்பெட்டியில்.

25-7, சனி

வயிற்றைத் திறந்தேன். ஈரல், குடல், எல்லாம் சுத்தம். தொடையைத் தவிர கட்டி எங்கும் இல்லை. குடலுக்குள் பச்சை விழுது.

சாயமே போடாத ஐந்தாவதை ஒளியில் வைத்தேன். அதற்கும் வயிறு சிவப்பு. இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியில் சிவப்பாகத்தான் ஒளிரும். வருடா வருடம் நானே நடத்திய பாடம்.

தீனியில் என்ன கலந்தது என்று பழனியம்மாளிடம் கேட்டேன்.

"கலக்கலீங்க சார். அமாவாசைக்கு அம்மா பேர்ல மாட்டுக்கு அகத்திக்கீரை குடுத்தேன். நீங்க எங்க குடுக்கப்போறீங்க? மிச்சத்தச் சாயந்தரம் இதுகளுக்குப் போட்டனுங்க. இதுகளும் சீவந்தானுங்களே. நாலாவதுதான் ஆசையாத் தின்னுச்சு. எங்கீங்க அதக் காணோம்?"

கூண்டை நானே கழுவிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறன்று மூன்றாவதாக எழுதியது தவறு.