நீ சொல்லாமல் போன வியாழக்கிழமைகள்

இன்று காலை கண் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தரை துடைத்த பினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

என் கண் ஆபரேஷனை மூன்றாவது முறையாகத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். "லபன மாசே என்ன அம்மே" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள் அங்கிருந்த பெண். அடுத்த மாதம் வரவேண்டுமாம். கிழவிதானே, கிடக்கட்டும் என்று நினைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பிள்ளைமடுவத்தில் முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்தவள். அழுகிற பிள்ளையைக்கூட, பசியா நடிப்பா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன்.

உன்னையும் அப்படித்தான் பார்த்தேன். பாரிசவாதம் வந்து உன் இடது கை சோர்ந்துபோன வருஷம் அது. மலையெல்லாம் கொழுந்து பறித்த கை, ஒரு கோப்பையைப் பிடிக்க மாட்டேன் என்றது. சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவிலிருந்து தினமும் நான் வந்துதான் உன் ஜாக்கெட் கொக்கிகளை மாட்டிவிடுவேன். ஆனாலும் வியாழக்கிழமை தோறும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

"சும்மா கொட்டகலை வரைக்கும் போயிட்டு வாறேன் புள்ள."

திரும்பும்போது கையில் ஒரு கடைப் பையும் இருக்காது. கொழும்பில் இருக்கும் உன் மகனோடு போய்விடத் திட்டம் போடுகிறாய், போகிற அன்றுதான் எனக்குச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ இல்லாத நேரத்தில் உன் காம்பராவுக்குள் புகுந்து, பெட்டி கட்டி வைத்திருக்கிறாயா என்று கட்டிலடியில் குனிந்துகூடப் பார்த்தேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

ஒரு வியாழன் நீ ஏறிய பஸ்ஸிலேயே பின்பக்கமாக ஏறினேன். கொட்டகலையில் நீ இறங்கவில்லை. அட்டன் வரை போய், அங்கே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாய். கைப்பயிற்சி கொடுக்கிற அறையின் கதவோரம் நின்று பார்த்தேன். துணி காயப்போடும் கிளிப்புகளை இடது கையால் எடுத்து ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாய். மாட்டியதைவிட விழுந்ததுதான் அதிகம். விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைக் கண்டாய்.

"வேவு பாக்க வந்தியா?"

"ஊர விட்டுப் போறியோன்னு நெனச்சேன்."

நீ கோபப்படவில்லை. "ஒன்கிட்ட சொன்னா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு கேப்ப. அதக் காதால கேட்டா எனக்கும் அப்படித்தான் தோணிரும். அதான் சொல்லல."

நீ சொல்லியிருந்தால் நான் அப்படிக் கேட்டுத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு நானும் கூட வந்தேன். பயிற்சி கொடுத்த தம்பியிடம், "முழுசா சரியாகுமா?" என்று விசாரித்தேன். "பாப்போம் அம்மா" என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. கை முழுதாகத் திரும்பவும் இல்லை. ஆனால் நோய் இரண்டாம் முறை வந்து உன்னைக் கொண்டுபோவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு காலையில் நான் வந்தபோது கொக்கிகள் எல்லாம் மாட்டியிருந்தன. யாரோ உதவியிருக்கிறார்கள் என்று நினைத்து, அவிழ்த்து மறுபடி மாட்டிக் காட்டச் சொன்னேன். மாட்டிக் காட்டினாய்.

சந்தேகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது.

இன்று வீட்டுக்கு வந்ததும் மருமகள் கேட்டாள்: "மறுபடியுமா அத்தை? அடுத்த மாசமாவது செய்வாங்கன்னு நம்புறீங்களா?"

"நம்பல," என்றேன். "ஆனா போவேன்."

தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். நல்ல பெரிய வட்டமாக. சின்னதாகப் போட்டால் எனக்குத் தெரியாது.